இடாப்பு யார் கையில்?
பழைய கணனியில் லினக்ஸ் நிறுவித் தமிழில் பாவிப்பது எப்படி

இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்து சேரும் ஒரு குடும்பத்திடம் முதலில் கேட்கப்படும் கேள்வி "சாப்பிட்டீர்களா?" என்பதல்ல, "பெயர் பதிந்தாயிற்றா?" என்பதே. இடாப்பில் பெயர் இருந்தால் அரிசியும் பாயும் கூடாரமும் கிடைக்கும். பெயர் இல்லாவிட்டால் ஆளே இல்லை என்பதுதான் கணக்கு. 1990ஆம் ஆண்டு வன்செயல்களின்போது உடுத்த துணியோடு ஊரைவிட்டு ஓடியவர்களும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து வீடு வாசலை அள்ளிச் சென்றதைக் கண்ணால் கண்டவர்களும் இதை நன்கு அறிவார்கள். உறுதியும் அனுமதிப்பத்திரமும் பிறப்பத்தாட்சியும் தண்ணீரோடும் நெருப்போடும் போய்விட்ட பிறகு, எங்கோ யாரோ எழுதி வைத்த ஓர் இடாப்புத்தான் வயலுக்கும் வளவுக்கும் கடைசிச் சாட்சியாக நிற்கிறது.

சில மாதங்களுக்கு முன் வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் எமது பணிமனைக்கு வந்தார். தகப்பனார் செய்த வயலை விட்டு இடம்பெயர்ந்தவர். "ஃபாதர், அந்த நாள் முகாமுக்கு வந்த சுவாமி எங்கட பேரு, வட்டைட பேரு, ஏக்கர் எல்லாம் கேட்டு எழுதினாரே, அந்தத் தாள் கிடக்குதா?" என்று கேட்டார். தேடினோம். அச்சிட்ட பிரதியைக் கறையான் அரித்திருந்தது. நல்ல வேளையாக, அக்காலத்தில் கணனியில் தட்டெழுதி, பின்னர் இறுவட்டொன்றில் பிரதி செய்து வைத்த கோப்பு அகப்பட்டது. மகிழ்ச்சியோடு திறந்தோம். திரையில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் காற்புள்ளிகளும் தலைகால் தெரியாமல் கலந்து கிடந்தன. அந்தப் பெரியவர் திரையைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

இடாப்பு எம்மிடம் இருந்தது. ஆனால் வாசிக்க முடியவில்லை. ஆகவே இடாப்பு இருந்தால் மட்டும் போதாது. அதை எழுதிய இயந்திரமும் எழுத்தும் எமது கைக்குள் இருக்க வேண்டும் என்ற பாடத்தை அன்று படித்தோம். இந்தக் கட்டுரை அந்தப் பாடத்திலிருந்து பிறந்தது.

மாவடிப்பள்ளியில் மூன்று கணனிகள்

காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில், வயல்வெளிகள் சூழ அமைந்த ஊர் மாவடிப்பள்ளி. மாரி மழை பலமாகப் பெய்தால் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். 2024 நவம்பர் 26ஆம் திகதி அந்த வெள்ளம் ஓர் உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்றதையும், மதரசாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் பறிபோனதையும் இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. வெள்ளக் காலத்தில் பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடுவது இங்கு புதிதல்ல.

இவ்வூரிலே ஊரவர்கள் ஒதுக்கித் தந்த சிறிய அறையில் மூன்று பழைய கணனிகள் இருக்கின்றன. ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணனிகள் அவை. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பித்தல்களை அதன் உரிமையாளரான மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 பழைய கணனிகள் பலவற்றை ஏற்பதில்லை. எனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணனிகள் ஒரே நாளில் 'பழசு' என்று பெயர் பெற்றன. கடைக்காரர் புதியது வாங்கச் சொல்கிறார். இடம்பெயர்ந்து கூலிக்கு வயல் செய்யும் குடும்பத்தின் பிள்ளை எங்கே போய்ப் புதியது வாங்குவது?

அந்த மூன்று கணனிகளிலும் நாம் லினக்ஸ் நிறுவினோம். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருந்த பெண் பிள்ளைகள் சிலரும், இரண்டு இளைஞர்களும் கூட நின்றார்கள். யாரும் கணனி விஞ்ஞானம் படித்தவர்கள் அல்லர். நாமும் அல்ல. இரண்டு தடவை பிழைவிட்டு, மூன்றாந் தடவை சரிவந்தது. எமது அனுபவம் மற்ற ஊர்களுக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையோடு இங்கு எழுதுகிறோம்.

லினக்ஸ் என்றால் என்ன?

கணனியின் பெட்டி, திரை, விசைப்பலகை யாவும் வன்பொருள். அவற்றை ஒழுங்குபடுத்தி வேலை வாங்கும் மேற்பார்வையாளனே இயங்குதளம். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் இன்னொன்று.

1983இல் அமெரிக்கரான றிச்சர்ட் ஸ்டோல்மன், யாவரும் பாவிக்கவும் திறந்து பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தார். 'குனு' என்பது அதன் பெயர். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். இரண்டும் சேர்ந்து முழு இயங்குதளமாயின. உலகின் பல நாடுகளிலுமுள்ள ஆயிரக்கணக்கானோர் அதை இன்றுவரை வளர்த்து வருகின்றனர். நீங்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கருவே. ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான பொருள் அல்ல.

இதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் முக்கியமான செய்தி அதுவல்ல. விவசாயிக்கு இதை விளக்க விதைநெல்லைத் தவிர வேறு உதாரணம் தேவையில்லை. முன்பு ஒருவர் தமது வயலில் விளைந்ததில் நல்லதைத் தெரிந்து விதைக்கு ஒதுக்குவார். அயலவருக்கும் கைமாற்றாகக் கொடுப்பார். தமது நிலத்துக்கு ஏற்றதை ஆண்டுக்காண்டு தெரிந்தெடுத்துத் திருத்துவார். யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. சில கலப்பின விதைகளையோ ஒவ்வொரு போகத்துக்கும் கடையில்தான் வாங்க வேண்டும். விற்பவர் நிறுத்தினால் நாமும் நிறுத்த வேண்டியதுதான். லினக்ஸ் முதலாவது வகை விதைநெல். இதனாலேயே இவ்வகை மென்பொருளைக் 'கட்டற்ற மென்பொருள்' என்று தமிழில் அழைக்கிறார்கள்.

லினக்சில் பல வகைகள் உண்டு. சம்பா, நாடு என்று நெல்லில் வகைகள் இருப்பதுபோல, டெபியன், உபுண்டு, மின்ட் என்று பெயர்கள் வரும். அடிப்படை ஒன்றே. புதிதாகத் தொடங்குவோருக்கும் பழைய கணனிகளுக்கும் 'லினக்ஸ் மின்ட்' வகையின் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்புப் பொருத்தமானது. விண்டோஸ் பழகியவருக்கு அதன் முகப்பு அந்நியமாகத் தோன்றாது.

கடல் வந்தபின் பிறந்த மென்பொருள்

இவையெல்லாம் பட்டணத்து வேலை, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு, அது நமது துயரத்திலிருந்தே தொடங்கியது.

2004 கடற்கோளில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே ஏற்பட்டது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு என்று கரை நெடுகிலும் வீடுகள் தரைமட்டமாகின. எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், காணாமற்போனவர் யார், எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது என்று எவருக்கும் சரிவரத் தெரியவில்லை. ஓர் இடத்துக்கு நான்கு லொறி போகும். பக்கத்து முகாமுக்கு ஒன்றும் போகாது.

அவ்வேளையில் கொழும்பிலிருந்த இலங்கை மென்பொருள் மன்றத்தைச் சேர்ந்தவர்களும் வேறு பல தொண்டர்களும் ஒன்றுகூடி, சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதி முடித்தார்கள். 'சஹானா' என்பது அதன் பெயர். சிங்கள மொழியில் 'சஹன' என்றால் நிவாரணம். காணாமற்போனோர் இடாப்பு, முகாம்களின் இடாப்பு, உதவும் நிறுவனங்களின் இடாப்பு, தேவைகளையும் உதவிகளையும் பொருத்தும் பகுதி என்பன அதில் இருந்தன. அதை லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் மீதே கட்டினார்கள். கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டார்கள்.

இதனால் விளைந்த நன்மையைப் பாருங்கள். 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அதே மென்பொருளை அங்கு கொண்டுசென்று பாவித்தார்கள். 2006இல் பிலிப்பைன்சின் லெய்ட் தீவில் மண்சரிவு ஏற்பட்டபோதும், அதே ஆண்டில் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூமியதிர்ச்சியின்போதும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. சமூகத்துக்குப் பயன்தரும் செயற்றிட்டத்துக்கென கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்குச் சஹானாவுக்கே கிடைத்தது.

இந்தத் தீவின் கரையில் அழுகுரல் அடங்குமுன் எழுதப்பட்ட ஒன்று, உலகின் நாலா திசையிலும் இடம்பெயர்ந்தோருக்குப் பயன்பட்டது. பூட்டி வைத்து விற்கும் மென்பொருளாக அது இருந்திருந்தால், ஒவ்வொரு நாட்டிலும் உரிமத்துக்குப் பணம் தேடுவதிலேயே நாட்கள் போயிருக்கும். உரல் எல்லோருக்கும் பொதுவாயிருந்தால் யார் வேண்டுமானாலும் நெல்லைக் குற்றலாம்.

முதற் படிகள்

இனி வேலைக்கு வருவோம். மாவடிப்பள்ளியில் நாம் செய்த ஒழுங்கிலேயே சொல்கிறோம்.

முதலாவது, கணனியைப் பாருங்கள். அது 64 பிட் வகையாக இருக்க வேண்டும். கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் வந்த கணனிகளில் பெரும்பாலானவை அவ்வாறானவையே. நினைவகம் ஆகக் குறைந்தது 2 கிகாபைட் தேவை. 4 இருந்தால் நல்லது. கணனி மிகவும் மந்தமாக இருந்தால், பழைய வன்தட்டை எடுத்துவிட்டு 'எஸ்எஸ்டி' எனப்படும் புதிய வகைத் தட்டொன்றைப் பொருத்தினால் பெரிய மாற்றம் தெரியும். புதிய கணனி வாங்குவதைவிட அது எத்தனையோ மடங்கு மலிவு.

இரண்டாவது, உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்றுங்கள். பழைய கணனியில் உள்ள படங்கள், கடிதங்கள், இடாப்புகள் அனைத்தையும் வேறொரு தட்டில் பிரதி செய்து, அந்தப் பிரதி திறக்கிறதா என்று பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள். நாம் விட்ட முதற் பிழை இங்கேதான். பிரதி எடுத்தோம், திறந்து பார்க்கவில்லை. சில படங்கள் போயே போய்விட்டன.

மூன்றாவது, இணைய வசதி உள்ள இடத்தில் லினக்ஸ் மின்ட் கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அது சுமார் 3 கிகாபைட் அளவு வரும். கைத்தொலைபேசி இணைப்பில் இறக்கினால் செலவாகும். எனவே ஊருக்கு ஒருவர் இறக்கி மற்றவர்களுக்குக் கொடுங்கள். அப்படிக் கொடுப்பது சட்டப்படி முற்றிலும் சரியானது. 8 கிகாபைட் பென் டிரைவ் ஒன்று போதும். கோப்பைச் சும்மா அதில் போட்டால் வேலை செய்யாது. விண்டோஸ் கணனியில் 'ரூஃபஸ்' என்ற சிறு மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். அவ்வாறு எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

நான்காவது, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவைச் செருகி, கணனி தொடங்கும்போது எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். கணனிக்குக் கணனி விசை வேறுபடும். பென் டிரைவைத் தெரிவு செய்தால் லினக்ஸ் திரையில் வந்துவிடும். இந்நிலையில் உங்கள் வன்தட்டில் எதுவும் மாறுவதில்லை. பென் டிரைவைக் கழற்றி மீண்டும் தொடங்கினால் பழையபடி விண்டோஸ் வரும். ஒரு நாள் முழுவதும் இப்படியே வைத்துப் பாருங்கள். ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். காளையை உழுது பார்த்தல்லவா வாங்குவோம்!

ஐந்தாவது, மனம் பொருந்தினால் நிறுவுங்கள். திரையிலுள்ள நிறுவும் குறியை அழுத்தினால் சில கேள்விகள் வரும்: மொழி, விசைப்பலகை, ஊர் நேரம், பாவனையாளர் பெயர், கடவுச்சொல். இவற்றுள் கவனம் வேண்டியது ஒரு கேள்விதான். வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவுவதா, அல்லது விண்டோசுக்குப் பக்கத்தில் நிறுவுவதா என்று கேட்கும். முதலாவதைத் தெரிந்தால் பழையது எதுவும் மிஞ்சாது. இரண்டாவதைத் தெரிந்தால் இரண்டும் இருக்கும். தொடங்கும்போது வேண்டியதைத் தெரியலாம். அரை மணித்தியாலமளவில் வேலை முடியும். இடையில் மின்சாரம் நின்றால் திரும்ப முதலிலிருந்து தொடங்க நேரும். எமது இரண்டாவது பிழை அதுவே. மழை நாளில் தொடங்கினோம். பாதியில் மின்சாரம் போயிற்று.

ஆறாவது, நிறுவி முடிந்ததும் புதுப்பித்தல் முகாமையாளரைத் திறந்து புதுப்பித்துக்கொள்ளுங்கள். பின்னர் 'டைம்ஷிப்ட்' என்ற கருவியைத் திறந்து, முறைமையின் அன்றைய நிலையைச் சேமித்து வையுங்கள். பிள்ளைகள் எதையாவது மாற்றிக் குழப்பினாலும் அந்த நிலைக்கு மீளலாம். இது இயங்குதளத்தை மட்டுமே மீட்கும். உங்கள் கோப்புகளுக்குத் தனிப் பிரதி எப்போதும் தேவை.

தமிழுக்குத் திருத்திக்கொள்ளல்

லினக்சின் சிறப்பு அதை நமது தேவைக்கேற்பத் திருத்தலாம் என்பதே. கேரள அரச பாடசாலைகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு, மலையாளத்தையும் பாடங்களுக்கான மென்பொருள்களையும் சேர்த்துத் தங்களுக்கென்றே ஒரு பதிப்பை ஆக்கி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், ஓர் ஊரின் கணனிக்குத் தேவையானதை நாமே செய்யலாம்.

மொழி அமைப்பிலே தமிழைச் சேர்த்தால், பட்டியல்களும் கட்டளைகளும் பெரும்பாலும் தமிழில் வரும். சில சொற்கள் ஆங்கிலத்தில் எஞ்சும். சில மொழிபெயர்ப்புகள் நமது பேச்சுக்குப் புதிதாக இருக்கும். தட்டெழுதுவதற்குத் தமிழ்99, ஒலிப்பு முறை, இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகை ஆகியவற்றுள் பழகியதைத் தெரியலாம். முதியோர் வாசிக்கும் கணனியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். தேவையற்ற குறிகளை எடுத்துவிட்டு, 'குடும்ப இடாப்பு', 'கடிதங்கள்', 'படங்கள்' என்று தமிழ்ப் பெயரிட்ட மூன்று நான்கு கோப்புறைகளை மட்டும் திரையில் வையுங்கள். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபிஸ் உள்ளது. அது பழைய கோப்பு வகைகள் பலவற்றையும் திறக்கும்.

இவ்விடத்தில் அந்தப் பெரியவரின் கோப்புக்கு வருவோம். அது ஏன் வாசிக்க முடியாமற் போயிற்று? அக்காலத்தில் நமது பணிமனைகள் பலவற்றில் 'பாமினி' என்னும் எழுத்துருவிலே தட்டெழுதினார்கள். கணனி உள்ளே சேமித்ததோ தமிழை அல்ல, ஆங்கில எழுத்துகளையே. 'அ' இருக்கும் இடத்தில் ஆங்கில 'எம்', 'இ' இருக்கும் இடத்தில் காற்புள்ளி. பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டியது. எழுத்துரு இல்லாத கணனியில் வேடம் கலைந்துவிடும். இன்று உலகப் பொதுவான யுனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி இலக்கங்கள் உண்டு. அதில் எழுதியது எக்கணனியிலும் தமிழாகவே நிற்கும்.

'ஓப்பன் தமிழ்' என்ற கட்டற்ற மென்பொருள் தொகுதியில் பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவி இருக்கிறது. மாவடிப்பள்ளிப் பிள்ளைகளுள் ஒருத்தி, விளக்கக் குறிப்பை இரண்டு நாள் படித்து, கோப்பை வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்து, அந்தக் கருவிக்குக் கொடுத்தாள். தமிழ் வந்தது. ஒரு வேடிக்கையும் நடந்தது. பழைய அடையாள அட்டை இலக்கங்களின் ஈற்றிலுள்ள ஆங்கில 'வீ' எழுத்தெல்லாம் 'ஏ' ஆகிவிட்டது. பாமினியில் அந்த விசைக்கு உரிய எழுத்து அதுவே! அவற்றைக் கையால் ஒவ்வொன்றாகத் திருத்தினோம்.

பெரியவருக்குச் சொல்லியனுப்பினோம். வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் விரல் வைத்து வாசித்தார். "இது வாப்பாட பேர்... வட்டைட பேரும் சரி... நாலரை ஏக்கர்... வடக்கால வாய்க்கால்." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மகள், இதை ஒரு தாளில அடிச்சித் தா" என்றார். அச்சிட்ட தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவருடைய வயல் இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது இனி அவர் வெறுங்கையோடு போகத் தேவையில்லை.

இடாப்பில் என்ன எழுதுவது?

கணனி வந்துவிட்டது, இனி எழுத வேண்டும். லிப்ரே ஆபிசின் விரிதாளில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். குடும்பத் தலைவர் பெயர், துணையின் பெயர், அடையாள அட்டை இலக்கங்கள், முன்பு இருந்த ஊர், இப்போதைய முகவரி. அடுத்து வயல்: வட்டையின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள், நீர் பாயும் வாய்க்கால். அடுத்து உரிமை: உறுதியா, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமா, அளிப்பா, குத்தகையா, இலக்கம், திகதி, உறுதி முடித்த நொத்தாரிசின் பெயர். கடைசியாக, எந்தெந்தப் பெரும்போகம், சிறுபோகம் யார் செய்தார்கள் என்பதும், ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, கமநல சேவை நிலையத்தின் பதிவு போன்ற துணை ஆதாரங்களும்.

நமது கரையில் வீடும் வயலும் பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாகச் செல்வது வழக்கம். எனவே ஆண்களின் பெயரை மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். உரித்துடைய பெண்ணின் பெயர் அந்த வரியில் இருக்கவேண்டும்.

பத்திரங்கள் கைவசம் இருந்தால் அவற்றைத் தெளிவாகப் படம் பிடித்து, இடாப்பின் வரி இலக்கத்தையே கோப்பின் பெயராக இட்டுச் சேமியுங்கள். இந்தப் படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. நீதிமன்றத்தில் இதை உறுதியென்று நீட்ட முடியாது. ஆனால் இலக்கமும் திகதியும் கையில் இருந்தால், உரிய காணிப் பதிவகத்திலோ பிரதேச செயலகத்திலோ அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிப்பது பலமடங்கு இலகு. இலக்கம் தெரியாதவர் தேடுவது வைக்கோற் போரில் விழுந்த ஊசி.

பிரதிகள் மூன்று வேண்டும். ஒன்று கணனியில், ஒன்று ஊரில் பூட்டிய அலுமாரியில், ஒன்று வெள்ளம் எட்டாத வேறோர் ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம். ஒவ்வொரு போகம் தொடங்கும்போதும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இந்த வேலை எதற்கும் இணையம் தேவையில்லை. தாம்போதி மூடிக் கிடக்கும் நாளிலும் இடாப்பு திறக்கும்.

ஓர் எச்சரிக்கை

இடாப்பு வாழ்வும் தரும், சாவும் தரும். 1983 யூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றதை நாம் மறக்கலாகாது. அந்தப் பெயர்கள் தீங்கு எண்ணி எழுதப்பட்டவையல்ல. யார் கைக்குப் போயின என்பதிலேதான் விளைவு தங்கியிருந்தது.

ஆகவே இடாப்பைப் பாதுகாப்பது எழுதுவதைப் போலவே முக்கியம். லினக்ஸ் நிறுவும்போதே உங்கள் கோப்புறையை மறைகுறியாக்கும் வசதி கேட்கப்படும், அதைத் தெரியுங்கள். கடவுச்சொல் மறந்தால் கோப்பும் போய்விடும் என்பதால், அதை எழுதி உறையிலிட்டு ஒட்டி, ஊரவர் தெரிந்த இருவரிடம் கொடுத்து வையுங்கள். பிள்ளைகள் பழகுவதற்கு வேறு பாவனையாளர் கணக்கும், இடாப்புக்கு வேறு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பாமினிக் கோப்பை மாற்றித் தருவதாகச் சொல்லும் இணையத்தளங்கள் உண்டு. ஒரு பாட்டையோ கட்டுரையையோ அங்கு மாற்றலாம், குடும்பங்களின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் முன்பின் அறியாத தளத்தில் ஒட்டாதீர்கள். எந்த நிறுவனமாவது, எமது பணிமனை உட்பட, இடாப்பின் பிரதி கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். ஊரவர் கூடித் தீர்மானியுங்கள். ஒரு குடும்பம் தனது பெயரை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

லினக்ஸ் எல்லா நோய்க்கும் மருந்தல்ல. சில அச்சுப்பொறிகள் அதனோடு இசைவதில்லை. விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட சில மென்பொருள்கள் அதில் ஓடா. பழுது பார்க்கத் தெரிந்தவர் பக்கத்துக் கடையில் இல்லாதிருக்கலாம். ஆனால் கற்பதற்குத் தமிழிலேயே வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012 முதல் இயங்கிவரும் 'கணியம்' என்னும் முயற்சி, 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' போன்ற நூல்களை இலவசமாக வெளியிட்டுள்ளது. ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் ஊரே படிக்கலாம்.

மாவடிப்பள்ளி அறையில் இப்போது வெள்ளிக்கிழமை தவிர்ந்த மாலை வேளைகளில் விளக்கு எரிகிறது. முதலில் பெயர் பதிய வந்தவர்கள், இப்போது பக்கத்து ஊர்த் தமிழ்க் குடும்பங்களையும் அழைத்து வருகிறார்கள். வயல்கள் அடுத்தடுத்துக் கிடந்தவை. ஒரே வாய்க்காலில் நீர் பாய்ந்தவை. ஒருவருடைய வடக்கெல்லை மற்றவருடைய தெற்கெல்லை. இரு வீட்டாரும் ஒரு திரைக்கு முன்னால் அமர்ந்து எல்லையைச் சரிபார்ப்பதைக் கண்டோம். வரப்பில் வருவதற்குரிய வாக்குவாதங்கள் அங்கேயே வந்தன. பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்தன.

உங்கள் ஊரிலும் எங்கோ ஒரு மூலையில் துணி போர்த்திய பழைய கணனி ஒன்று இருக்கும். அடுத்த மழைக்கு முன் அதைத் தூசி தட்டி எடுங்கள். ஒரு பென் டிரைவும், கற்க விரும்பும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் தொடங்கலாம். முதல் வரியில் முதற் குடும்பத்தின் பெயரை நீங்களே எழுதுங்கள்.